மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பகல்

நாகப்பட்டினத்துக்காரிக்குச் சூரிய அஸ்தமனப் பைத்தியம் பிடித்தால் அவள் ஊரை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், அதோடு சரி. சாயங்காலம் அது போய் விழுவது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் டவருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில். அதை எத்தனை தடவைதான் படம் எடுப்பது?

எனக்குக் கண்ணாடிக் கடை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மூக்கில் ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப நல்லாத் தெரியுதா? இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. அதனால் லீவு கிடைத்தால் மனுஷ முகமே இல்லாத இடமாகப் பார்த்து ஓடுவேன். ஆற்றோரம், குளத்தங்கரை, வயக்காடு. ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு பிளாஸ்க். "தினமும் மறையுறதுதானே, அதுக்கு எதுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போது சொல்வதில்லை.

போன மார்ச்சில் தேனியில் என் சித்தி மகள் பானு புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். வீடு நன்றாக இருந்தது, நிம்மதி. ஆனால் என் கண்ணெல்லாம் அவள் மொட்டை மாடியிலிருந்து தெரிந்த மலையில்தான். எங்கள் ஜில்லாவில் உயரம் என்றால் கோயில் கோபுரம். அதை விட்டால் கலங்கரை விளக்கம். இங்கே வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மலை நிற்கிறது. பானுவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடாம் காயப்போடுகிறாள். "மூணு நாள் இருந்துட்டுப் போறேன்டி" என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் எனக்காக வைகை அணை மீன் வாங்கி வந்து வறுத்தாள். கடல் மீன் தின்றே வளர்ந்த நாக்கு எனக்கு. "எப்படிக்கா இருக்கு?" என்று அவள் கேட்டபோது, "மசாலா ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவளுக்கும் புரிந்தது. ராத்திரி சாம்பார் வைத்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிச் சின்னமனூரில் இறங்கி, அங்கிருந்து மார்க்கையன்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் என் மடியில் ஒரு பூசணிக்காய், அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சை. எங்கள் பக்கத்து வயல் வானத்தில் போய் முடியும், இந்த வயல் மலையில் போய் முடிகிறது. வரப்பில் முக்காலியை ஊன்றியதுதான் தாமதம், வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எங்கிட்டு இருந்து வர்றீக? பைபாஸுக்கு அளக்க வந்திருக்கீகளா? எங்க வயல்ல வருதா?"

"ஐயோ, இல்லைங்க. சூரியன் மறையுறதைப் படம் எடுக்கத்தான்."

என்னையும் முக்காலியையும் ஏற இறங்கப் பார்த்தார். பைபாஸைவிட இது மோசமோ என்று யோசிப்பது போலிருந்தது. "எடுங்க, எடுங்க" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை வராமல் பத்தடி தள்ளியே நின்றார்.

சூரியன் மலைக்கு மேல் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நிறம் மாற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் லென்ஸை மாற்றிக்கொள்வோம் என்று பைக்குள் குனிந்தேன். நிமிர்ந்தால் சூரியனைக் காணோம்! சிவக்கவில்லை, மஞ்சளாகக்கூட ஆகவில்லை. கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி வயல் முழுக்க நிழல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதற்காகவா பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வந்தேன்?

களை பறித்துவிட்டு வரப்பில் வந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். "யாரைத் தேடுறீக?"

"சூரியனை."

"அது அப்பவே கேரளாவுக்குப் போயிருச்சே ஆத்தா. இனி காலையில மேகமலைப் பக்கமாத்தான் வரும்." சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். பைபாஸ்காரரும் அப்போதுதான் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

ராத்திரி பானுவின் கணவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு நம்ம அப்பாஸ் பாய் ஜீப்புல போங்க. கம்பத்துக்காரர். மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறவர். அவருக்குத் தெரியாத இடமே கிடையாது" என்றார்.

அப்பாஸுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி, அதிகம் பேசாதவர். அவருடைய ஜீப் அவருக்கும் சேர்த்துப் பேசியது. ரமலான் மாதம், அவர் நோன்பு. விடியற்காலையில் சஹர் சாப்பிட்டுவிட்டு, தோட்டத்துப் பெண்களை மலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, என்னை ஏற்ற வந்திருந்தார். வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இந்த வெயிலில் எப்படி ஓட்டுகிறார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. பசி வந்ததும் ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்று பன் தின்றேன்.

"மேடம், இங்கன நெழல்ல உக்காந்து சாப்பிடுங்க. பாக்குறதால எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல அமைதி. பந்தல் என் தலை உயரம்தான், குனிந்துதான் நடக்க வேண்டும். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை, தரையில் வட்டம் வட்டமாக வெயில். ஒரு மணி நேரம் முதுகு ஒடிய எடுத்தேன். சூரியன் அன்றைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குள் போனது. ஆனால் நான்தான் தயாராக இருந்தேனே! நேற்று ஏமாந்தவள் இன்று விவரமானவள் என்ற மிதப்பில் ஜீப்புக்கு ஓடிவந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பாஸிடம் நீட்டினேன்.

"சூரியன் போயிருச்சு பாய்! முதல்ல தண்ணியைக் குடிங்க."

அவர் பாட்டிலை வாங்கவில்லை. சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"மலைக்குப் பின்னாடிதான் போயிருக்கு மேடம். இன்னும் மறையலை."

"தெரியலையே!"

"தெரியலைன்னா மறைஞ்சிருச்சுன்னு ஆயிருமா? மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பகல்தான். பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு." பிறகு அவரே சொன்னார். அவர் மனைவி சபுரா தொண்டியில் பிறந்தவர், கடற்கரைக்காரி. கல்யாணமாகி வந்த முதல் ரமலானில் மொட்டை மாடியில் நின்று பார்த்திருக்கிறார். சூரியன் போய்விட்டது. கடகடவென்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வடைத் தட்டோடு கீழே இறங்கினால், வீடே வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறது. "அந்த ஒரு நோன்பைத் திரும்பப் பிடிச்சா. எங்க வீட்டுப் பொம்பளைக இன்னும் அதச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாக. 'தொண்டிச் சூரியன் வந்துருச்சா'ன்னு."

எனக்குச் சபுராவை அப்போதே பிடித்துப்போயிற்று. கடற்கரையில் பிறந்தவளுக்கு மலையின் திருட்டுத்தனம் எப்படித் தெரியும்?

திரும்புகிற வழியில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியும் கையுமாக ஒரு வரிசை நின்றது. பொட்டு வைத்த பெண்கள் பாதிப் பேர். அப்பாஸ் எனக்கும் ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். எங்கள் நாகூர்ப் பக்கக் கஞ்சியில் தேங்காய்ப்பால் தூக்கலாக இருக்கும். இங்கே பட்டையும் பூண்டும் மூக்கைத் துளைக்கிறது. எது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு ஊரிலும் எனக்குச் சாப்பாடு வேண்டும்.

இறக்கிவிடும்போது, "நெசமா மறையுறதைப் பாக்கணும்னா கம்பம்மெட்டுக்கு ஏறணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, தோட்டம் லீவு. நான் காட்டுறேன்" என்றார். தூக்கமே வரவில்லை எனக்கு.

மறுநாள் கம்பத்தில் அவர் வீட்டு வாசலிலேயே ஏறிக்கொள்வதாகப் போனேன். உள்ளே சிமெண்டுத் தரையில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது. ஒன்பது வயது, பெயர் நஸ்ரின். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னைக்குத்தான் மொத நோன்பு" என்றார் சபுரா. குரலில் பெருமையும் கவலையும் சரிபாதி. "அரை நாள் வச்சாப் போதும்டின்னு மத்தியானமே சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறா. அத்தா வந்து பக்கத்துல உக்காந்து நோன்பு திறந்தாத்தான் இவளும் திறப்பாளாம்." வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, "என்னங்க, பாங்குக்கு முன்னாடி வந்துருங்க" என்றார்.

அந்தப் பக்கங்களில் அப்பாவை அத்தா என்பார்கள். அத்தா தலையை ஆட்டினார்.

நஸ்ரின் தரையை விட்டுக் கன்னத்தை எடுக்காமலே என் கேமராவைப் பார்த்தாள். "ஆன்ட்டி, சூரியனைப் போட்டோ எடுக்கவா போறீக?"

"ஆமாடா."

"இன்னைக்கு மட்டும் சீக்கிரம் போகச் சொல்லுங்க."

ஜீப்பில் ஏறியதும், "பாய், எனக்குச் சூரியனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளைகூட இருங்க" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், மேலே போய் வெயில் இருக்கும்போதே இடத்தைப் பார்த்துவிட்டு, பாங்குக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கிவிடலாம் என்றார். அஸ்தமனம் வரை நிற்பதில்லை என்று நான் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஜீப் நகர்ந்தது. மேடம் போய் அக்கா ஆனதும் அந்த இடத்தில்தான்.

மலை ஏற ஏறக் காது அடைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பம் பள்ளத்தாக்கு கீழே இறங்கிக்கொண்டே போனது. தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், நடுவில் வீடுகள். சமதரையில் பிறந்த நான் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. உச்சியில் செக்போஸ்ட், இரண்டு டீக்கடை. அதைத் தாண்டினால் கேரளா. காற்றில் ஏலக்காய் வாசம், போர்டெல்லாம் மலையாளம். நான் டீ குடிக்கவில்லை. அன்றைக்கு என்னவோ மனசு வரவில்லை. நாலைந்து படம் எடுத்தேன், பார்த்தாயிற்று. "கிளம்புங்க பாய்" என்று நானே விரட்டினேன்.

கிளம்பினோம். ஆனால் முதல் வளைவுக்கு முன்னாலேயே வண்டிகள் வரிசையாக நின்றன. கீழேயிருந்து ஏறிவந்த வைக்கோல் லாரி ஒன்று வளைவில் சாய்ந்துவிட்டது. "ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வைக்கோல்தான் ரோடு முழுக்க" என்று டீக்கடைச் சேட்டன் மலையாளத்தில் சொன்னார். அப்பாஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி ஓடினார். டிரைவர்களோடு சேர்ந்து நோன்பு வயிற்றோடு கட்டுக்கட்டாக வைக்கோலை இழுத்துப் போட்டார். முகமெல்லாம் தூசியோடு திரும்பி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரியை நிமிர்த்தக் கீழேயிருந்து கிரேன் வர வேண்டும்.

"வந்துருவேன்னு சொன்னேனேக்கா" என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நகராத ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். கீழே பள்ளத்தாக்கு எப்போதோ நிழலுக்குள் போயிருந்தது.

அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் நான் கேமராவோடு டீக்கடைக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினேன். அடேயப்பா! கேரளா முழுக்க மடிப்பு மடிப்பாக மலை, அதற்கு மேல் தாம்பாளம் அளவுக்குச் சிவப்பு. இருபது வருஷமாக நான் அலைந்து தேடிய சூரியன். அறிவு கெட்டவள், அந்த மனுஷனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "பாய்! இங்க வந்து பாருங்களேன்!" என்று கத்தினேன்.

வந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் பேரீச்சம்பழம். மேட்டில் அவர் ஏறி நின்ற அதே நேரம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் முதலில் கேட்டது கம்பத்துப் பள்ளிவாசல் பாங்கு.

"பாங்கு சொல்லிட்டாக. இவ தண்ணியத் தொட மாட்டேங்கிறா. நீங்களே சொல்லுங்க" என்றார் சபுரா.

"அத்தா, நீங்க திறந்துட்டீகளா?" நஸ்ரினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

அப்பாஸ் எதிரே பார்த்தார். சூரியன் பாதிக்கு மேல் வெளியே இருந்தது. அது ஊருக்கு மறைந்துவிட்டது, இந்த உச்சிக்கு இன்னும் மறையவில்லை.

"இல்லடா. ஒனக்கு அங்கன மறைஞ்சிருச்சு, நீ திற. அத்தாவுக்கு இங்கன இன்னும் சூரியன் இருக்கு."

"அப்ப எனக்கும் இருக்கு" என்றாள்.

"நஸ்ரினு, சொன்னாக் கேளு..."

"நீங்க வந்தாத்தான்னு சொன்னேன். நீங்க வரலை. நீங்க திறக்கையிலயாச்சும் திறக்குறேன்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, "திறந்துட்டேன்னு சொல்லிருங்க பாய், பிள்ளை பாவம்" என்று கிசுகிசுத்தேன்.

"நோன்பு வச்ச வாயால பொய் சொல்லச் சொல்றீகளேக்கா" என்றார், கோபமில்லாமல். "ஜீப்புக்குள்ளயே இருந்திருந்தா பாங்கு கேட்டதும் திறந்திருப்பேன். இப்பக் கண்ணால பாத்துட்டேனே."

அவரை மேலே கூப்பிட்டது நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இத்தனை வருஷமாக மறைகிற சூரியனைப் பார்த்து, "நில்லு, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் நில்லு" என்று கெஞ்சியவள் நான். அன்றைக்கு அது நின்றது. நகரவே மாட்டேன் என்று நின்றது. "போயேன்! போய்த் தொலையேன்! குழந்தை கிடக்குது அங்க!" என்று வாய்விட்டே திட்டினேன். டீக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்தார்.

பிறகு அடிவானத்தில் ஒரு மேகப் பட்டை குறுக்கே வந்தது. சிவப்பு கலங்கிவிட்டது. போய்விட்டதா, மேகத்துக்குள் இருக்கிறதா என்று வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, ஒங்க லென்ஸுல பாருங்க" என்றார் அப்பாஸ். "எனக்குத் தெரியலை."

கேமராவை முக்காலியில் இறுக்கி, முழு ஜூமையும் இழுத்து, திரையைப் பார்த்தேன். மேகத்துக்குக் கீழே, மலை விளிம்பில், வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு சிவப்பு. அவர் நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. இன்றைக்கு நான் தப்பாகச் சொல்லக்கூடாது.

"இருக்கு" என்றேன். போனிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னும் இருக்கு."

"ஆன்ட்டி, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள் நஸ்ரின்.

எத்தனை ஆயிரம் பேரை நான் கேட்ட கேள்வி! "தெளிவாத் தெரியுதுடா கண்ணு. கொஞ்சமே கொஞ்சம்தான். பொறுத்துக்க."

நகத்துண்டு நூலானது. நூல் அறுந்தது. மலைக்கோடு வெறும் கோடாக நின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"போயிருச்சு!" என்று கத்தினேன். "நெசமாவே போயிருச்சுடா நஸ்ரின்!"

அப்பாஸ் பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை இரண்டாகப் பிய்த்தார். பாதியை என் கையில் வைத்துவிட்டு, பாதியை வாயில் போட்டுக்கொண்டு, "திறந்துட்டேன்டா" என்றார். அவர் கன்னத்து வைக்கோல் தூசியில் கண்ணீர் கோடு போட்டது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

போனில் ஒரு சொம்புத் தண்ணீர் நிறுத்தாமல் உள்ளே போகிற சத்தம் கேட்டது. மடக்கு மடக்கென்று. இருட்டும் மேட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அது ஓய்ந்ததும் நஸ்ரின் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்:

"அத்தா, அவசரத்துல பழத்தைக் கொட்டையோட முழுங்கிட்டேன்."